கடலைப் பார்த்து ஓடும் ஊர்

ஆபத்து என்றால் உலகத்தில் எல்லா ஊரும் கடலுக்கு முதுகைக் காட்டி ஓடும். எங்கள் கல்லடிக்குப்பத்து ஆம்பளைகள் மட்டும் கடலைப் பார்த்து ஓடுவார்கள். புயல் என்றாலும் அப்படித்தான், தண்ணீரில் எண்ணெய் கொட்டிவிட்டது என்றாலும் அப்படித்தான், சுனாமி என்றாலும் அப்படித்தான். ஏன் என்று கேட்டால், படகில் இன்ஜின் இருக்கிறதாம்.

ஓடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை தேய்ந்ததுதான் மிச்சம். என் பெயர் மங்கை. எண்ணூர் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, கடல் அரிக்காமல் இருக்கக் கருங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அந்தக் கரையில்தான் எங்கள் குப்பம். என் வீட்டுக்காரர் திருமலை பிடித்து வருவதைத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்பது என் பிழைப்பு. பேரிடர் குழுத் தலைவி என்பது ஊர் என் தலையில் கட்டிய வேலை. பயிற்சிக் கூட்டத்தில் ஒரு சந்தேகம் கேட்கலாம் என்று எழுந்தேன். தலைவி கிடைத்துவிட்டாள் என்று எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். அன்றைக்கு உட்கார்ந்தே இருந்திருக்கலாம்.

பயிற்சி கொடுத்தவர் செங்குட்டுவன் சார். நல்ல மனுஷன். ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி அதில் படம் காட்டினார். பூமிக்கு அடியில் பெரிய பெரிய பாறைத் தட்டுகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு இருக்கின்றன, அது சறுக்கினால் பூகம்பம், கடலுக்கு அடியில் சறுக்கினால் சுனாமி என்றார். அந்தமான் பக்கம் ஒரு தீவில் எரிமலை புகைந்துகொண்டிருப்பதையும் காட்டினார். பக்கத்து வீட்டு டில்லிபாபு எழுந்தான்.

"சார், அந்த மல நெருப்பு கக்கிச்சின்னா நம்ம வலைல மீனு வெந்தே வருமா?"

ஊர் முழுக்கச் சிரித்தது. சார்கூடச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்து முடித்து எழுந்து போன கூட்டத்தில் எத்தனை பேருக்கு அவர் சொன்னது நின்றதோ தெரியாது, எனக்கு நின்றது. தரை ரொம்ப நேரம் ஆடினால் அபாயச் சங்கு ஊதும் என்றோ போன் வரும் என்றோ காத்திருக்காதே, மேட்டுக்கு நட. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாதே. முதல் அலைதான் பெரிய அலை என்று நினைக்காதே. போனவன் எதற்காகவும் திரும்பாதே. வீட்டில் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்காதே, அவரவர் காலில் அவரவர் குறித்த இடத்துக்குப் போய்ச் சேர்.

கடைசியில் சொன்னதை என் மகள் மோகனப்ரியாவின் தலையில் ஏற்றத்தான் நான் ரொம்பப் பாடுபட்டேன். "நீ வரலன்னா நான் எப்டிம்மா போவேன்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். "போவணும். நான் செத்தாலும் போவணும்" என்று அதட்டுவேன். அப்படி அதட்டக் காரணம் இருந்தது.

என் மாமனாரைச் சுனாமி கொண்டு போய்விட்டது என்று ஊர் சொல்லும். அந்தப் பேச்சே எனக்குப் பிடிக்காது. முதல் அலையில் தப்பி, மகன் கையைப் பிடித்துக்கொண்டு மெயின்ரோடு வரைக்கும் ஓடி வந்தவர் அவர். தண்ணீர் வடிந்ததும், "வலை கெடக்குதுடா, இங்கியே நில்லு, தோ வந்துட்றேன்" என்று மகன் கையை உதறிவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த அலை வந்தது. அப்போது என் வீட்டுக்காரருக்கு இப்போது மோகனப்ரியாவுக்கு இருக்கிற வயசு. ரோட்டில் நின்று பார்த்தவர். இவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை என்றுதான் எவனும் நினைப்பான்.

எடுக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் எங்கள் ஊரில் இன்ஜின் என்பது தனி மனுஷன் சமாச்சாரம் இல்லை. படகின் பின்னால் மாட்டியிருக்கும் அந்தச் சனியனைக் கழற்றி, கழியில் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தோளில் சுமந்துதான் கரை ஏற்ற முடியும். ஒருவன் போய் இன்ஜினில் கை வைத்தால் அவன் கூட்டாளி போயே ஆக வேண்டும். 'இன்ஜினுக்குத் தோள் கொடுக்காதவன் பாடைக்குத் தோள் கொடுக்க வராதே' என்பது எங்கள் ஊர் வழக்கு. ஒருவன் ஓடினால் இரண்டு பேர், இரண்டு பேரைப் பார்த்து நாலு பேர், கடைசியில் ஊரே கல்மேல் நிற்கும்.

வருஷத்துக்கு ஒரு தரம் ஒத்திகை நடக்கும். அதைப் பற்றிச் சொன்னால் வயிறு எரியும். ரோட்டுக்கு மேற்கே இருக்கும் பள்ளிக்கூட மாடிதான் நாங்கள் கூட வேண்டிய இடம். அங்கே எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுப்பார்கள். அதனால் பெண்டுகளும் பிள்ளைகளும் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஆம்பளைகள் கரையில் சீட்டாடிக்கொண்டே எங்களுக்குக் கை தட்டுவார்கள். அதிகாரிகள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கரையில் கம்பம் நட்டு ஒரு சங்கு வைத்தார்கள், உப்புக் காற்றில் அது துருப்பிடித்து, இப்போது அதற்குள் காக்கா குடும்பம் நடத்துகிறது. பழுது பார்க்கச் சொல்லிக் கேட்டால் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்பார்கள். அது ஊதினாலும் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? சுற்றிலும் கம்பெனிகள். ஷிஃப்டுக்கு ஒரு சங்கு, சாப்பாட்டுக்கு ஒரு சங்கு, சோதனைக்கு ஒரு சங்கு. எங்கள் காது மரத்துப் போய்ப் பல வருஷம் ஆகிறது.

குழுவுக்கு ஒரு ஆரஞ்சுச் சட்டையும் கை மைக்கும் கொடுத்தார்கள். மைக்கை ஆடித் திருவிழாவுக்கு வாங்கிப் போனவர்கள் பேட்டரியைத் தின்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டு வாசற்படி ஓரம் நான் கட்டி வைத்த அவசரப் பையின் கதி அதைவிட மோசம். டார்ச்சை என் வீட்டுக்காரர் படகுக்கு எடுத்துப் போவார், பிஸ்கெட்டை மோகனப்ரியா தின்பாள். ரேஷன் கார்டு நகலைப் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரில் ஒருநாள் நெத்திலிக் கருவாடு இருந்தது. நான் கத்துவேன், மறுபடி கட்டுவேன். நாய் வாலை நிமிர்த்துகிற வேலைதான், ஆனால் விடவில்லை.

இன்ஜின் விஷயத்தில் மட்டும் நான் ஜெயித்தேன் என்று நினைத்தேன். தினம் கரைக்கு வந்ததும் இன்ஜினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். இன்ஜின் வீட்டில் இருந்தால் கடலுக்கு ஓட என்ன காரணம் இருக்கப் போகிறது? ஒரு மாசம் சண்டை. சோற்றை வைத்துவிட்டுப் பேசாமல் போனேன். கடைசியில் இறங்கி வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மரத் தாங்கி அடித்து அதில் மாட்டினார். வீடு முழுக்க எண்ணெய் நாற்றம், படுத்தால் தலை சுற்றும். பரவாயில்லை என்று சகித்துக்கொண்டேன். அதோடு விடாமல் மோகனப்ரியாவைக் கூப்பிட்டு, அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். "இது தல மேல சத்தியமா, என் இன்ஜினுக்கோசரம் கடலாண்ட ஓட மாட்டேன். போதுமாமே?" என்றார். போதும் என்று நினைத்தேன், புத்திகெட்டவள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மார்க்கெட்டில் எல்லாம் விற்றுத் தீர்ந்து, மத்தியானம் வீடு வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் நல்ல தூக்கத்தில் இருந்தார். மோகனப்ரியா பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தைப் பிடித்தபடி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். கழுவிக் கவிழ்த்த தட்டுகள் கடகடவென்று ஆட ஆரம்பித்தன.

எங்கள் வீடுகள் ஆடுவது புதிதில்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை ஆடும். தட்டு ஆடினால் லாரி, சுவர் அதிர்ந்தால் ட்ரெய்லர், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த பூகோளம். நானும் பேசாமல்தான் இருந்தேன். பிறகுதான் உறைத்தது. லாரிக்காரர்கள் இரண்டு நாளாக ஸ்டிரைக். ரோட்டில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் டிரம்மைப் பார்த்தேன். மேலே வட்டம் வட்டமாக அலை. தாங்கியில் தொங்கிய இன்ஜின் மெதுவாக ஆடியது. நிற்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது.

"லாரிதான்க்கா," என்று பக்கத்து வீட்டு வாசலிலிருந்து நர்மதா சொன்னாள். டில்லிபாபுவின் பெண்டாட்டி.

"எங்கடி லாரி? ஸ்டிரைக்குடி! பிள்ளைய தூக்கு, கெளம்பு!"

ஆரஞ்சுச் சட்டையை மாட்டினேன். பையை எடுத்து மோகனப்ரியா கையில் திணித்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஸ்கூல் மாடி. ஓடு. எனுக்கோசரம் நிக்காத. திரும்பிப் பாக்காத."

"நீ, ம்மா?"

"ஊரக் கெளப்பிட்டு வர்றேன். இன்னா ஆனாலும் எறங்கி வராத. போ!"

அவள் செருப்பு மாட்டாமல் ஓடினாள். நான் என் வீட்டுக்காரரை உலுக்கி எழுப்பினேன். இன்ஜினைக் காட்டினேன். "இன்ஜினு இங்கதான் கீது. கண்ணத் தொறந்து நல்லாப் பாத்துக்கோ. எழுந்து ஸ்கூலுக்கு நட." அவர் இன்ஜினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார். மனசு நிம்மதியாகி நான் தெருவில் இறங்கினேன்.

மைக்கை அழுத்தினேன். ஒரு கீச்சுச் சத்தம்கூட வரவில்லை. வீசி எறிந்துவிட்டு, மீன் சுமக்கிற என் அலுமினிய அன்னக்கூடையை எடுத்துக் கரண்டியால் தட்டிக்கொண்டே சந்து சந்தாக ஓடினேன். மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது. ஒருத்தி எட்டிப் பார்த்து, "இன்னா மீனுக்கா, மத்தியானத்துல?" என்றாள். அவள் தலையில் அந்தக் கூடையைக் கவிழ்க்கலாம் போல இருந்தது. "மீனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல, பூமி ஆடிச்சுடி! ஓடு!" என்று கத்தினேன். சிலர் வந்தார்கள். சிலர் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்றார்கள். ஒரு கிழவர் டிவியில் சொன்னால்தான் வருவேன் என்றார்.

எப்படியோ பத்துப் பதினைந்து பெண்டுகளைப் பிள்ளைகளோடு ரோட்டைக் கடத்திப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கேட் பூட்டியிருந்தது. ஒத்திகைக்கு எப்போதும் திறந்தே இருந்த கேட். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சாவியோடு வாட்ச்மேன் பொன்னேரிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பூகம்பம் லீவு பார்த்து வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை, அதுதான் இன்னும் ஆத்திரம்.

"பூட்டிகீதுக்கா," என்றாள் நர்மதா. "அப்போ ஒண்ணியும் இல்லன்னுதான அர்த்தம்? மெய்யாலுமே எதுனா இருந்தா தொறந்து வெச்சிருப்பாங்கல்ல?"

மற்றவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. இரண்டு பேர் திரும்பி நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். நான் அவசர எண்ணுக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்து ஒருவர் எடுத்தார். "தகவல் வந்திருக்கும்மா. உறுதி பண்ணிட்டு சொல்றோம். அதுவரைக்கும் பதட்டப்படாம இருங்க." பதட்டப்படாமல் எங்கே இருப்பது, கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

எங்களுக்கு முன்னாலேயே வந்து கேட்டருகில் நின்றிருந்த மோகனப்ரியா மட்டும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பையைக் கேட்டுக்கு மேலாக உள்ளே போட்டாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பியில் கால் வைத்து ஏறி, அந்தப் பக்கம் குதித்தாள். ஒரு தரம் என்னைப் பார்த்தாள். நான் மாடியைக் கை காட்டினேன். படியேறிப் போய்விட்டாள். என் சொல்லைக் கேட்டு நடக்க ஒரு ஜீவன் இருக்கிறது என்று எனக்கு அந்த நேரத்திலும் பெருமையாக இருந்தது.

அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தேன். என் வீட்டுக்காரரைக் காணவில்லை.

"உங்கண்ணன் வர்ல?" என்று நர்மதாவிடம் கேட்டேன்.

அவள் பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "எங்கூட்டுக்காரரு வந்து கூப்டாருக்கா. எங்க இன்ஜினு போட்டுலயே கீதுல்ல. தோள் குடுக்க அண்ணன் பூட்டாரு."

என் உடம்பெல்லாம் எரிந்தது. எத்தனை நாள் சண்டை, எத்தனை நாள் எண்ணெய் நாற்றம். எங்கள் இன்ஜின் கட்டில் பக்கத்தில் சுகமாகத் தொங்குகிறது, இவர் அடுத்தவன் இன்ஜினுக்கு ஓடியிருக்கிறார்! சத்தியம் வாங்கியபோது அடுத்தவன் இன்ஜினையும் சேர்த்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஊரில் வேறு எவரையும்விட எனக்குத் தெரியும். போனவனுக்குப் பின்னால் போகாதே, திரும்பாதே, காத்திருக்காதே என்று செங்குட்டுவன் சார் சொன்னதை நான் மனப்பாடமாக ஒப்பிப்பேன். ஆனால் கண் முன்னால் வந்து நின்றது சார் இல்லை, வலைக்காகத் திரும்பிப் போன மாமனார். அன்னக்கூடையை நர்மதாவிடம் கொடுத்துவிட்டு, ரோட்டைக் கடந்து, சந்துக்குள் புகுந்து, கடலைப் பார்த்து ஓடினேன்.

கரையில் திருவிழாக் கூட்டம். கல் முழுக்க ஆம்பளைகள். ஒவ்வொரு படகிலும் இரண்டு பேர் குனிந்துகொண்டிருந்தார்கள். கடல் எப்போதும் போலத்தான் இருந்தது, அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. டில்லிபாபு படகின் பின்பக்கம் உட்கார்ந்து ஸ்பேனரால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் கழியைத் தோளில் வைத்துத் தயாராக நின்றார்.

"யோவ்! புத்தி கீதா உனுக்கு? உங்கப்பன் போன வழியிலயே நீயும் போவணுமா?"

"கத்தாதமே. ஒரு போல்ட்டு துருப்புடிச்சிகினு கீது. தோ, வந்துட்றேன்."

தோ, வந்துட்றேன். அவருடைய அப்பா சொன்ன அதே வார்த்தை. சொன்னவருக்கே அது உறைக்கவில்லை.

"யக்கா, சொம்மா பேஜாரு பண்ணாத," என்றான் டில்லிபாபு, தலையைத் தூக்காமலே. "அந்தமானாண்ட ஆடிச்சின்னா அலை இங்க வர ரெண்டு மணி நேரம் ஆவும்னு உன் சாருதான சொன்னாரு? நெறைய டைம் கீது."

"அத்த ஓடறதுக்குச் சொன்னாருடா, இன்ஜினு கழட்டறதுக்கா சொன்னாரு?" பல்லைக் கடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தேன். "நட. பிள்ள தல மேல சத்தியம் பண்ண."

"என் இன்ஜினுக்கோசரம் ஓட மாட்டேன்னுதான் பண்ணேன். ஓடுனேனா? அது வூட்லதான கீது." கையை விடுவித்துக்கொண்டார். பிறகு குரல் இறங்கியது. "இவன வுட்டுட்டு எப்டிமே வர்றது? தெனம் என் இன்ஜினுக்கு இவன்தான தோள் குடுக்கறான். நாளைக்கி என் மூஞ்சில முழிப்பானா?"

நாளைக்கு முழிக்க மூஞ்சி இருந்தால்தானே என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு. போல்ட் அசைய மறுத்தது, இவர் அசைய மறுத்தார். நான் கடலைப் பார்த்தேன். எங்கள் படகுகளுக்குக் கீழே எப்போதும் முழுகிக் கிடக்கும் பாசி படிந்த கல் ஒன்று வெளியே தெரிந்த மாதிரி இருந்தது. அது தினமும் தெரிகிறதா, இன்றைக்குத்தான் தெரிகிறதா? நினைவுக்கு வரவில்லை. இவர் வரமாட்டார், இந்த இன்ஜின் வந்தால்தான் வருவார் என்று மட்டும் புரிந்தது.

படகில் ஏறினேன். "தள்றா," என்று டில்லிபாபுவை நகர்த்திவிட்டு, ஸ்பேனர் பிடியில் என் இரண்டு கையையும் வைத்து அவனோடு சேர்ந்து அழுத்தினேன். போல்ட் சுற்றியது. இன்ஜினைத் தூக்கினோம். கழியில் நான்தான் கட்டினேன். கல் வழுக்கியதால் நடுவில் நான் தாங்கிப் பிடித்தேன். என் தோளிலும் அந்தக் கழியின் பாரம் விழுந்தது. இப்படித்தான், பேரிடர் குழுத் தலைவி ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு டில்லிபாபுவின் இன்ஜினைச் சுமந்தாள்.

பாதிக் கல் ஏறியிருப்போம். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்துக் கூவினான். "நம்ம கரைக்கு ஆபத்து இல்லியாம்! மெசேஜ் வந்துட்சி! அலை கிலை ஒண்ணியும் இல்ல!"

விசில் பறந்தது. ஒருவன் துண்டைச் சுற்றினான். என்னைப் பார்த்து, "மங்கக்கா, அடுத்த சுனாமி எப்போக்கா?" என்று ஒரு குரல் வந்தது. இன்னொரு குரல், "ஊருக்குத்தாண்டா உபதேசம், அவங்களே இன்ஜினு தூக்கிகினு கீறாங்க பாரு," என்றது. சிரிப்பு அலைதான் வந்தது, வேறு அலை வரவில்லை. இனி இந்த ஊரில் நான் கரண்டியால் தட்டினாலும் சம்மட்டியால் தட்டினாலும் ஒருத்தரும் வாசலுக்குக்கூட வரமாட்டார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆபத்து இல்லை என்று சந்தோஷப்பட வேண்டியவள் அழுகிற நிலையில் நின்றேன்.

டில்லிபாபு வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "சரி மாமு, அப்போ திருப்பி மாட்டிடலாமா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டான்.

அதற்குப் பிறகுதான், அத்தனைக்கும் பிறகுதான், மோகனப்ரியா நினைவு எனக்கு வந்தது. அவளிடம் போன் கிடையாது. அவளுக்கு மெசேஜ் வராது.

ஓடினேன். பின்னால் இவரும் வந்தார். பள்ளிக்கூட வாசலில் யாரும் இல்லை, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாடியைப் பார்த்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கேட்டில் ஏறினேன். கம்பி முனையில் மாட்டிச் சட்டை கிழிந்தது. இவர் கை கொடுத்தார், நான் பிடிக்கவில்லை.

மொட்டை மாடியில் நிழல் என்று பெயருக்குக்கூட ஒன்றும் இல்லை. அவள் கைப்பிடிச் சுவரோரம், பையை மடியில் வைத்துக்கொண்டு, கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெறும் காலைக் கொதிக்கிற தரையில் வைக்க முடியாமல் பாவாடைக்குள் மடக்கி வைத்திருந்தாள். அங்கிருந்து எங்கள் கரை மொத்தமும் தெரிந்தது.

"இன்னாமே, இன்னும் இங்கியே குந்திகினு கீற?" என்று இவர் சிரித்துக்கொண்டே போனார். "ஒண்ணியும் இல்லன்னு மெசேஜ் வந்துட்சே. பயந்துட்டியா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஊரே கல்லு மேல நின்னுச்சு. யாரு இன்னான்னு தெர்ல. ஆரஞ்சு சட்ட மட்டும் நல்லாத் தெரிஞ்சிச்சு," என்றாள். அழுதிருந்த குரல், இப்போது அழவில்லை. "நைனாவ இழுத்துகினு வரப் போவுதுன்னு பாத்துகினு இருந்தேன். அது போட்டுல ஏறிச்சு. குனிஞ்சு இன்ஜினத் தூக்கிச்சு. அப்போ அது நீ இல்ல, வேற யாரோ உன் சட்டய வாங்கி மாட்டிகினு கீறாங்கன்னு நெனச்சேன்."

நான் அவள் கிட்டே போனேன்.

"எறங்கி உன்னாண்ட வந்துடலாம்னு கேட்டாண்ட வரிக்கும் வந்தேம்மா. நீ எறங்கி வராதன்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. திரும்பி ஏறிட்டேன். அலை வந்தா இங்கேர்ந்து பாத்துகினே இருக்கணும், அவ்ளோதான?"

இவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கரையைப் பார்க்காமல், சின்ன வயசில் தான் நின்று பார்த்த ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் பையன்கள் மறுபடி ஸ்டம்ப் நட்டிருந்தார்கள். அவர் அங்கிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். கையெல்லாம் இன்ஜின் எண்ணெய். "இனிமே இப்டி நடக்காதுடி," என்று சொல்லி அவள் தலையில் கை வைக்கப் போனேன். அவள் தலையை நகர்த்திக்கொண்டாள்.

"சத்தியம்லாம் வேணாம்மா," என்றாள். எழுந்து பையை என் மடியில் வைத்தாள். "அடுத்த வாட்டி நானும் உங்களோட கடலாண்டயே வந்துட்றேன். இங்க தனியா நின்னு பாக்கறதுக்கு அது மேலு."

வெறும் காலோடு படியிறங்கிப் போனாள்.